போர் விமானி உருவாகும் விதம்

ஆகாயத்தில் விமானம் பறந்தால் அண்ணாந்து பார்க்காதவர் எவருமிலர். வயலில் களை பறிக்கும் பாட்டி முதல் தெருவில் பாண்டி ஆடும் சிறுமி வரை அனைவரும் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறோம். ஆனால் அதை ஓட்டுபவர் யார், எங்கே படித்தார், எத்தனை தேர்வுகளைக் கடந்தார், அவர் உடலும் மனமும் எவ்வாறு பழக்கப்படுத்தப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் போர் விமானி என்றால் திரைப்படத்தில் வரும் வீரரே நம் கண்முன் நிற்கிறார். உண்மையில் போர் விமானி என்பவர் நீண்ட நாள் மாணவர். அவர் படிக்கும் பாடங்களுள் பல, நம் அறிவியல் புத்தகத்தில் தொடங்குபவையே. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதைப்பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நமக்கு அருகிலுள்ள விமானத் தளங்கள்

மதுரைக்கும் இராணுவ விமானங்களுக்கும் தொடர்பு புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் அரச விமானப்படை பயன்படுத்திய தளமே இன்று அவனியாபுரத்திற்கு அப்பால் நாம் காணும் மதுரை விமான நிலையத்தின் தொடக்கம். தஞ்சாவூரிலும் கோவையை அடுத்த சூலூரிலும் அதே போர்க்காலத்தில் விமானத் தளங்கள் எழுந்தன.

இன்று தஞ்சாவூர் இந்திய விமானப்படையின் முக்கியமான தளங்களுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அங்கே 222-ஆம் எண் படைப்பிரிவு சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் தொடங்கி வைக்கப்பட்டது. தென்னிந்தியாவில் சுகோய் விமானங்கள் நிலைகொண்ட முதல் படைப்பிரிவு இதுவே. சூலூருக்கு 2018-ஆம் ஆண்டில், நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 'தேஜஸ்' விமானங்களின் முதல் படைப்பிரிவு வந்து சேர்ந்தது. 2020 மே 27-ஆம் நாள் அங்கேயே தேஜஸின் இரண்டாம் படைப்பிரிவும் தொடங்கியது. சென்னையை அடுத்த தாம்பரத்திலோ ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் பள்ளி ஒன்று உண்டு. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அந்தப் பள்ளி 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்திற்கு வந்தது.

மதுரையிலிருந்து தஞ்சாவூருக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நாம் பேருந்தில் போனால் மேலூர், திருப்பத்தூர், புதுக்கோட்டை என்று நான்கு மணி நேரமாவது ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் போர் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டர் செல்கிறது. எனவே பத்தே நிமிடத்தில் தஞ்சையை அடைந்துவிடும். பெரியார் நிலையத்தில் ஏறி உட்கார்ந்து, சில்லறை எடுத்து, பயணச்சீட்டு வாங்கும் நேரத்திற்குள் பெரிய கோயிலின் கோபுரம் கண்ணில் பட்டுவிடும் எனலாம். இவ்வளவு வேகத்தில் சிந்திக்கவும் முடிவெடுக்கவும் ஒரு மனிதரைப் பழக்குவதே இப்பயிற்சியின் நோக்கம்.

வாயிலைக் கடத்தல்

போர் விமானியாவதற்கு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுதி, புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுகள் பயில்வது. இரண்டாவது, கல்லூரிப் படிப்பை முடித்து, விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வை எழுதுவது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாட்கள் வரை நீளும் நேர்முகத் தேர்வு உண்டு. நமக்கு அருகில் இது நடக்குமிடம் மைசூர். குழுவாகச் செயல்படுதல், இக்கட்டில் பதறாமை, உண்மை பேசுதல் ஆகியவற்றை அங்கே கூர்ந்து கவனிக்கிறார்கள்.

விமானியாக விரும்புவோருக்குக் கணினி வழியாகத் தனித் தேர்வும் நடைபெறுகிறது. கையும் காலும் கண்ணும் ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்கின்றனவா என்பதை அது சோதிக்கிறது. இத்தேர்வை ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே முறைதான் எழுதலாம். அதில் தவறியவர் விமானப்படையின் வேறு பிரிவுகளில் சேரலாம். விமானியாக மட்டும் முடியாது.

அடுத்தது மருத்துவச் சோதனை. உயரம் ஏறக்குறைய 163 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் உயரம், கால்களின் நீளம் ஆகியவற்றையும் அளக்கிறார்கள். கால் குட்டையானால் மிதிகட்டை எட்டாது. தொடை மிக நீண்டிருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் இடித்து நொறுங்கும். நிறங்களைப் பிரித்தறியும் கண் மிகவும் அவசியம். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றாகத் தெரிந்தால் அங்கே இடமில்லை.

டுண்டிகல் விமானப்படைக் கழகம்

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஹைதராபாத்தை அடுத்த டுண்டிகல்லிலுள்ள விமானப்படைக் கழகத்திற்குச் செல்கிறார்கள். விடியலுக்கு முன் எழுந்து ஓட்டமும் உடற்பயிற்சியும், பிறகு வகுப்பு. காற்றியக்கவியல், வானிலையியல், வழியறிதல், எஞ்சின் இயக்கம் ஆகியவை பாடங்கள். விமானத்தைத் தொடுவதற்கு முன்பே அதன் கருவிகள் ஒவ்வொன்றும் இருக்குமிடத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுக் காட்டும் அளவுக்குப் பழக வேண்டும்.

முதலில் ஓட்டுவது பிலேட்டஸ் பி.சி.-7 என்னும் சுழல்விசிறி விமானம். இது 2013 முதல் அங்கே பயன்படுகிறது. மாணவர் முன்னிருக்கையிலும் ஆசிரியர் பின்னிருக்கையிலும் அமர்வர். பல பாடங்களுக்குப் பிறகு ஒருநாள் ஆசிரியர் உடன் வராமல் மாணவரை மட்டும் அனுப்பி வைப்பார். அதுவே தனிப் பறப்பு. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவதுதான் வேலை. ஆயினும் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்த விமானியும் அந்தச் சில நிமிடங்களை மறப்பதில்லையாம்.

இக்கட்டத்திற்குப் பிறகு மாணவர்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள்: போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். போர் விமானப் பிரிவுக்குச் செல்பவர் ஜெட் விமானத்தில் பயிற்சி பெற்று, கர்நாடகத்திலுள்ள பீதரில் 'ஹாக்' என்னும் உயர்நிலைப் பயிற்சி விமானத்தை ஓட்டுகிறார். அதன் பிறகே படைப்பிரிவுக்குச் செல்ல முடியும்.

இந்த ஹாக் விமானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முற்காலத்தில் மாணவர்கள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக மிக்-21 போன்ற அதிவேக விமானங்களுக்கு மாற வேண்டியிருந்தது. மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். மிதிவண்டி பழகியவரை மறுநாளே விரைவுப் பேருந்தை ஓட்டச் சொல்வது போன்றது இது. இளம் விமானிகள் பலர் விபத்துகளில் உயிரிழந்தனர். இடையில் ஒரு படி தேவை என்று லா ஃபோன்டேன் குழு 1982-இல் பரிந்துரைத்தது. ஹாக் விமானங்களை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2004-இல்; அவை விமானப்படையில் சேர்க்கப்பட்டது 2008-இல். பரிந்துரைக்கும் ஒப்பந்தத்திற்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள்! 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21 விமானம் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றது. போரில் அது பெற்றுத்தந்த புகழை நினைக்கும்போது, பயிற்சியில் மறைந்த இளைஞர்களையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். படிப்படியாகக் கற்பிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எடை ஆறு மடங்கானால்?

சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டி வேகமாகத் தலைக்கு மேல் சுழற்றினால் தண்ணீர் சிந்துவதில்லை. சித்திரைப் பொருட்காட்சியில் தமுக்கம் மைதானத்து இராட்டினத்தில் ஏறியவர்களுக்கும், அது கீழே வந்து மேலே திரும்பும்போது இருக்கையோடு நம்மை யாரோ அழுத்துவது போன்ற உணர்ச்சி தெரிந்திருக்கும். போர் விமானி திடீரென்று விமானத்தை வளைக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஆனால் பன்மடங்கு கடுமையாக.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 250 மீட்டர். அது 1,000 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும்: 62,500-ஐ 1,000-ஆல் வகுத்தால் 62.5. புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8-ஆல் இதை வகுத்தால் ஏறத்தாழ 6.4. ஆகவே 40 கிலோ எடையுள்ள நம்மில் ஒருத்தி அந்த விமானத்தில் இருந்தால், அந்த நேரத்தில் அவளுடைய எடை 256 கிலோவாகத் தோன்றும்! 75 கிலோ நெல் மூட்டைகள் மூன்றின் எடையைவிடவும் கூடுதல். கையைத் தூக்குவதே பெரும்பாடு. சுகோய் போன்ற விமானங்கள் ஒன்பது மடங்கு வரை தாங்கும்படி அமைக்கப்பட்டவை.

இதில் உள்ள பெரிய ஆபத்து எடையன்று, இரத்தம். நம் இதயத்திலிருந்து மூளை சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திற்கு இரத்தத்தை ஏற்றச் சாதாரணமாக ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. நம் இரத்த அழுத்தம் 120 என்று கொள்வோம். எடை ஐந்து மடங்கானால், மூளைக்கு ஏற்றுவதற்கே 110 செலவாகிவிடும், மிச்சம் பத்துதான். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு குழாய் வழியே பார்ப்பது போலக் காட்சி சுருங்கும், பிறகு இருள், அதன்பின் மயக்கம். மயங்கிய விமானியின் கையில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைத் தடுக்க விமானிகள் ஒரு சிறப்பு உடையை அணிகிறார்கள். அதன் காற்றுப் பைகள் தாமே ஊதிப் பெருத்து, கால்களையும் வயிற்றையும் இறுக்கி, இரத்தம் கீழே இறங்காதபடி தடுக்கின்றன. ஆனால் உடை மட்டும் போதாது. கால், தொடை, வயிற்றுத் தசைகளை முழு வலிமையோடு இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று மூச்சு மாற்றும் பயிற்சியும் வேண்டும். பெங்களூரிலுள்ள வான்வெளி மருத்துவ நிறுவனத்தில், நீண்ட கையின் நுனியில் அறை பொருத்திய பெரிய சுழல் எந்திரத்தில் விமானிகளை அமர்த்திச் சுழற்றி இதைப் பழக்குகிறார்கள்.

காது சொல்லும் பொய்

சிறு வயதில் நாம் அனைவரும் தட்டாமாலை சுற்றியிருக்கிறோம். நின்ற பிறகும் வீடும் மரமும் சுற்றுவதாகத் தோன்றும். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றுள் திரவமும் உள்ளன. நாம் நின்றாலும் அத்திரவம் உடனே நிற்பதில்லை. ஆகவே 'இன்னும் சுற்றுகிறாய்' என்று மூளைக்குத் தவறான செய்தி போகிறது.

தரையில் இது விளையாட்டு. மேகத்திற்குள்ளோ அமாவாசை இரவிலோ பறக்கும் விமானிக்கு இது உயிர்ப் பிரச்சினை. வைகையும் ஆனைமலையும் கண்ணாடித் துண்டுகள் போன்ற கண்மாய்களும் கண்ணுக்குத் தெரியும்வரை மேல் எது, கீழ் எது என்ற ஐயம் எழாது. மேகம் மூடியதும், விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்க, 'நேராகப் போகிறாய்' என்று காது சொல்லும். அப்போது விமானி தம் உணர்ச்சியை நம்பாமல் கருவிகளை நம்ப வேண்டும். சொல்வது எளிது, உடம்பு முழுவதும் ஒன்றைச் சொல்ல, ஒரு சிறு முள் வேறொன்றைக் காட்டும்போது முள்ளை நம்புவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

உயரமும் ஓர் எதிரியே. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். கொடைக்கானலின் உயரம் 2,100 மீட்டர் அளவே என்பதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். பிராணவாயு குறைந்தால் வலி ஏற்படுவதில்லை. மாறாகக் காரணமற்ற மகிழ்ச்சியும் தன்னம்பிக்கையும் தோன்றும். நகம் நீலம் பாய்வதைக்கூட அவர் பொருட்படுத்தமாட்டார். ஆகவே காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறையில் அமர்த்தி, தம்மிடம் முதலில் தோன்றும் அறிகுறி எது என்பதை ஒவ்வொருவரும் அறியச் செய்கிறார்கள்.

கடைசி வழி

விமானத்தைக் காப்பாற்ற முடியாது என்ற நிலையில் விமானி ஒரு பிடியை இழுக்கிறார். மேல்மூடி விலக, இருக்கைக்கு அடியிலுள்ள வெடிமருந்தும் ராக்கெட்டும் அவரை வெளியே எறிகின்றன. பிறகு வான்குடை விரிகிறது. ஒரு நொடிக்கும் குறைவான அந்த உந்துதலில் முதுகெலும்பு நசுங்கிக் காயமடைவதும் உண்டு.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த 2019-இல் விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்த்தமானை நாம் அறிவோம். 2019 பிப்ரவரி 27-ஆம் நாள் வான்சண்டையில் அவருடைய மிக்-21 விமானம் தாக்கப்பட்டபோது அவர் இவ்வாறே வெளியேறி, எல்லைக்கு அப்பால் இறங்கி, சிறைப்பட்டார். மார்ச் 1-ஆம் நாள் தாயகம் திரும்பினார். வீர சக்கர விருது பெற்றார். அவர் தந்தையாரும் விமானப்படையில் விமானியாக இருந்து ஏர் மார்ஷல் பதவி வரை உயர்ந்தவர்.

பெண்களும் போர் விமானமும்

உலக வரலாற்றில் பெண் போர் விமானிகள் புதியவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டின் லிடியா லித்வியாக் பல எதிரி விமானங்களை வீழ்த்தி, 1943-இல் தம் இருபத்தோராம் வயதில் போரில் மறைந்தார்.

நம் நாட்டில் கதவு படிப்படியாகவே திறந்தது. 1994-இல் ஹரிதா கௌர் தியோல் விமானப்படையில் தனியாக விமானம் ஓட்டிய முதல் பெண்மணியானார். 1996 டிசம்பரில் நெல்லூர் அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். 1999 கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் ஹெலிகாப்டர் ஓட்டிப் பணியாற்றினார்கள். ஆயினும் போர் விமானம் மட்டும் பெண்களுக்கு மூடியே இருந்தது.

2015-இல் அரசு சோதனை முயற்சியாக அனுமதி அளித்தது. 2016 ஜூன் 18-ஆம் நாள் டுண்டிகல்லில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் பட்டம் பெற்று வெளிவந்தனர். மத்தியப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் மாநிலங்களைச் சேர்ந்த இவர்களுள் எவரும் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். 2018 பிப்ரவரி 19-ஆம் நாள் ஜாம்நகரில் அவனி மிக்-21 விமானத்தைத் தனியே ஓட்டி, போர் விமானத்தைத் தனியே ஓட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2019 மே மாதம் பாவனா பகலில் போர்ப் பணி ஆற்றும் தகுதியை முதலில் அடைந்தார். 2024-இல் மோகனா தேஜஸ் படைப்பிரிவில் சேர்ந்த முதல் பெண் விமானியானார். சோதனைத் திட்டமும் 2022-இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கழகமும் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தது. அவர்களுள் பதினேழு பேர் 2025 மே 30-ஆம் நாள் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

தோழியரே! இக்கட்டுரையை எழுத நாங்கள் முனைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இன்னும் சில மாதங்களில் மேனிலை முதலாம் ஆண்டில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். 'கணக்கு கடினம், பெண்பிள்ளைக்கு எதற்கு?' என்று சொல்லிக் கணிதம் இல்லாத பிரிவுக்குப் போவோர் நம்முள் பலர். தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் விமானப் பிரிவுக்கு மேனிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். பட்டப்படிப்புக்குப் பிறகு விமானியாக விண்ணப்பிப்போருக்கும், பொறியியல் பட்டம் பெறாவிடில், மேனிலையில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே 2016-இல் நாடு திறந்துவிட்ட கதவை, பதினைந்து வயதில், விண்ணப்பத்தாளில் ஒரு கோடு போட்டு நாமே நமக்குச் சாத்திக்கொள்ளக் கூடும். விமானியாவது எல்லோருக்கும் கைகூடாது. ஆனால் கணிதம் படித்தவளுக்கு வேறு பல கதவுகளும் திறந்தே இருக்கும்.

பெற்றோர்களின் அச்சத்தையும் நாங்கள் உணர்கிறோம். இது ஆபத்து நிறைந்த பணி. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. போர் விமானம் உயிர் பறிக்கும் ஆயுதம் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் அதை ஆத்திரக்காரர் கையில் கொடுப்பதில்லை. கட்டுப்பாடும் பொறுமையும் உண்மையும் உடையவரைத் தேடி, பல ஆண்டுகள் சோதித்த பிறகே கொடுக்கிறார்கள்.

விமானப்படையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு பறப்பும் முடிந்ததும் அனைவரும் கூடி அமர்ந்து, எங்கே பிழை நேர்ந்தது என்று பேசுவார்கள். மூத்தவர் ஆயினும் தம் பிழையைத் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதே பிழையைச் செய்யாதிருப்பதே இதன் நோக்கம். தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் நாம் இவ்வழக்கத்தைப் பின்பற்றினால், அடுத்த தேர்வில் பயன் தெரியும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆகாயத்தில் பறப்பவரும் தரையில் ஒவ்வொரு படியாக ஏறியவரே. முதற்படி நம் வகுப்பறையில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்!